வயதும் வகுப்பும்: ஆரம்பக் கல்வியின் அளவுகோல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆறு வயதுப் பிள்ளை தன் பெயரைப் பிழையற எழுதல் வேண்டும். ஏழு வயதிற் சிறு வாக்கியங்களைத் தடையின்றி வாசித்தல் வேண்டும். எட்டு வயதில் இரண்டிலக்க எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும் என்றவாறு அமைந்த பட்டியல்கள் ஆசிரியர் கைந்நூல்களிலும் பெற்றோருக்கான பிரசுரங்களிலும் இன்று மலிந்து காணப்படுகின்றன. பால்பல் விழுவதைப் போன்று இவையும் இயற்கையின் நியதிகளே என்ற எண்ணம் பரவலாக நிலவுகின்றது. பட்டியலுக்கு எட்டாத பிள்ளை 'மெல்லக் கற்கும் பிள்ளை' எனப் பெயர் பெறுகின்றது; அப்பெயர் பெரும்பாலும் அதன் பள்ளிவாழ்வு முழுவதும் உடன் செல்கின்றது. ஆயின் வயது, வகுப்பு, பாட அளவு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது எவருடைய தேவைக்காகத் தோன்றி எவ்வழியே எமது பாடசாலைகளை வந்தடைந்தது என்பதை நோக்குதலே இக்கட்டுரையின் பணியாகும்.

தமிழ் மரபு குழந்தையின் வளர்ச்சிப் படிகளைக் கவனிக்கவில்லை என்று கூறுதல் பொருந்தாது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்கள் இதற்குத் தக்க சான்று. ஐந்தாம் மாதமளவிற் செங்கீரை, ஒன்பதாம் மாதமளவிற் சப்பாணி, ஓராண்டளவில் வாரானை என்றவாறு, உடலசைவையும் நடையையும் அவதானித்தே பாட்டியலார் அப்பருவங்களை வகுத்தனர். மாதக் கணக்கில் அவர்களிடையே வேறுபாடு உண்டேனும் அடிப்படை நோக்கு ஒன்றே. எனினும் இப்பருவங்களுக்கு உரிமை பூண்ட குழந்தை யார் என்பது நாம் கேட்க வேண்டிய வினாவாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடியது குலோத்துங்க சோழன் மீது. பின்வந்தோர் பாடியவை பெரும்பாலும் தெய்வங்கள் மீதும் சமயப் பெரியார் மீதும். வயலில் நாற்று நட்டவளின் குழந்தை எத்தனையாம் மாதத்தில் தவழ்ந்தது என்பது இலக்கியப் பொருளாகவில்லை. பெண்பாற் பருவங்களுள் ஐந்து முதல் ஏழு வயது வரை பேதை, எட்டு முதல் பதினொன்று வரை பெதும்பை என வழங்கும் பகுப்பு, இன்று நாம் ஆரம்பப் பாடசாலைப் பருவம் எனக் கொள்ளும் ஆண்டுகளையே தழுவுகின்றது. ஆயின் உலா இலக்கியத்தில் அவ்வாண்டுகள், தலைவன் மீது காதல் அறியாத நிலை, அறியத் தொடங்கும் நிலை என்றே அளக்கப்படுகின்றன. எழுத்தறிவு அங்கு அளவுகோலன்று. ஆக, கல்வியின் படிகளை நாம் தேட வேண்டிய இடம் பிரபந்தங்களன்று, திண்ணைப் பள்ளிக்கூடமே.

திண்ணைப் பள்ளியிலே படிகள் உண்டு. மிகத் திட்டமான படிகளும் உண்டு. ஆனால் அவை வயதால் அமைந்தவையல்ல; சுவடியால் அமைந்தவை. ஏடு தொடக்கப் பெற்ற பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதற்கு உரியன. அரிச்சுவடியை அடுத்து ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களும், பின்னர் நிகண்டும் வரும். மறுபுறத்தே எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்பன. ஒரே திண்ணையில் ஐந்து வயதினனும் பத்து வயதினனும் இருப்பர். ஒருவன் மணலிலும் மற்றொருவன் ஓலையிலும் எழுதிக் கொண்டிருப்பான். எந்தச் சுவடியில் நிற்கிறான் என்பதே அவனைப் பற்றிய வினா. எத்தனை வயதில் நிற்கிறான் என்பதன்று. முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவனே சட்டாம்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஆசிரியரையே 'சட்டம்பியார்' என வழங்கியமையும், பாடசாலையின் முதல் வகுப்புக்கு 'அரிவரி' என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தமையும் அப்பழைய ஒழுங்கு விட்டுச் சென்ற சுவடுகளாகும்.

பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் சற்று விரிவாக நோக்கத்தக்கவை. முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரியிலிருந்து காணி, மா, கால், அரை எனப் பிள்ளை மனனம் செய்து ஏறியது. நெல்லிலக்கத்தில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, அவ்வாறே உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி எனச் சென்று மூன்று தூணி ஒரு கலத்தில் முடியும். இன்றைய பாடத்திட்டம் பின்னங்களைப் பிள்ளைக்கு எப்போது அறிமுகம் செய்யலாம் என்று தயங்கி நிற்க, அன்றைய பிள்ளை அதனினும் சிறிய வயதிலேயே 1/320ஐ வாயாற் கூட்டியது. இதனைக் கொண்டு எம்முன்னோர் அறிவாற் சிறந்தவர் எனப் பெருமிதம் கொள்வோர் எம்மிடையே உளர். அப்பெருமிதத்தில் நாம் பங்குகொள்வதற்கில்லை. நிலவரியும் வாரமும் நெல்லால் அளக்கப்பெற்ற ஒரு நிலமானிய சமுதாயத்தில், நெல்லின் மிகச் சிறு கூற்றையும் தவறவிடாது கணக்கெழுதும் ஆள் தேவைப்பட்டான். பிள்ளையின் 'இயல்பான' ஆற்றலாகத் தோன்றுவது அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகள் அப்பிள்ளையிடம் வேண்டி நின்ற ஆற்றலே. அந்நெல்லை விளைவித்தவனின் பிள்ளையோ பெரும்பாலும் அத்திண்ணையில் ஏற முடியாதிருந்தது. பிரம்பும் பொருளறியா மனனமும் அப்பள்ளியின் பிற இலக்கணங்கள். 1823இல் பெல்லாரி மாவட்டக் கலெக்டராகவிருந்த காம்பெல் எழுதிய அறிக்கையில் ஒரு வழக்கம் கூறப்படுகின்றது: காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையிற் சரசுவதியின் பெயர் எழுதப்படும்; இரண்டாவதாக வரும் பிள்ளைக்குச் சுழியம்; மூன்றாவது பிள்ளைக்கு மெல்லிய ஓரடி, நான்காவதுக்கு இரண்டு, பின்வருவோருக்கு ஒவ்வொன்றாகக் கூடும். தரவரிசை ஆங்கிலேயர் வந்த பின்னர்தான் எம் பள்ளிகளுள் நுழைந்தது என்று வாதிடுவோர் இவ்வறிக்கையை ஒருமுறை வாசித்தல் நன்று.

வயது என்னும் அளவு இப்பள்ளிகள் மீது பதியும் ஒரு தருணத்தை நாம் திட்டமாகக் காட்டலாம். சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோ 1826இல் எழுதிய குறிப்பில், மாகாணத்தின் 12,498 பள்ளிகளில் 188,650 பேர் கற்பதாகக் கணக்கிட்டார். அத்துடன் அவர் நிற்கவில்லை. ஐந்து முதல் பத்து வயது வரையான ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 713,000 பேர் இருத்தல் வேண்டும் என மதிப்பிட்டு, அவர்களுள் 184,110 பேரே பள்ளியில் உள்ளனர் எனக் கண்டார். எஞ்சிய 4,540 பேர் பெண்கள். பள்ளியில் இருக்கும் பிள்ளையை ஆசிரியர் அறிவார். பள்ளியில் இல்லாத பிள்ளையை அறிவதற்கு வயதுக் கணக்கு வேண்டும். அக்கணக்கு வரி சேகரிக்கும் அரசின் கணக்குமுறையாகும். எனினும் அதுவே, கல்வி மறுக்கப்பட்டோரின் தொகையையும் வெளிக்கொணர்ந்தது. இவ்விரட்டைத் தன்மையை வாசகர் மனங்கொள்ளுதல் வேண்டும். கட்டுரையில் இது மீண்டும் வரும்.

இதற்கிடையே திண்ணைப் பள்ளியின் ஒரு கூறு கடல் கடந்து சென்றிருந்தது. சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்றை 1789 முதல் நடத்திய அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். உதவியாசிரியர்கள் உடன்படாதவிடத்து, எட்டு வயதளவான ஒரு மாணவனைக் கொண்டே நெடுங்கணக்கைக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது 'மெட்ராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு மலிவாகக் கற்பிக்கலாம் என்பதே ஆலை முதலாளிகளின் இங்கிலாந்தில் அதற்கிருந்த கவர்ச்சி. ஆயினும் பெல்லின் பள்ளியிலும் பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்புக்குச் சென்றது பாடத்தில் தேறியமையால். பிறந்த நாளால் அன்று.

அவ்விங்கிலாந்தில் வயது முக்கியம் பெற்றது முதலிற் பள்ளியில் அன்று, தொழிற்சாலையில். 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பெரும்பாலான நெசவாலைகளிலிருந்து விலக்கியது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் வேலை நேரத்தை வரையறுத்து, நாளொன்றுக்கு இரண்டு மணிநேரக் கல்வியை விதித்தது. உடனே எழுந்த வினா: இப்பிள்ளைக்கு வயது என்ன? பிறப்புப் பதிவு அப்போது இல்லை. மருத்துவர் உயரத்தைப் பார்த்துச் சான்றிதழ் வழங்கினர். ஆலை முதலாளிகள் எட்டு வயதினரைப் பத்து வயதினர் எனக் காட்டினர். 1837இல் எட்வின் சோண்டர்ஸ் என்னும் பல்வைத்தியர், உயரத்தைவிடப் பற்களே நம்பத்தக்க சான்று எனக் காட்டி நூலொன்று வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிறப்புப் பதிவும் தொடங்கியது. சட்டம் கோரிய பள்ளிச் சான்றிதழ்களைத் தம் பெயர் எழுதத் தெரியாத 'ஆசிரியர்கள்' சிலுவைக் குறியிட்டு வழங்கியதை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் எள்ளலுடன் எடுத்துக்காட்டுகிறார். அவரே 1866இல் ஜெனீவா மாநாட்டுக்கு எழுதிய அறிவுறுத்தல்களில் பிள்ளைகளை மூன்று வயதுப் பிரிவினராக வகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வேலை நேரத்தின் உச்ச எல்லையை வரையறுத்தார். ஆக, வயதுக் கோடு ஒரு புறத்தே உழைக்கும் வர்க்கம் தன் பிள்ளைகளைக் காக்கப் போராடிப் பெற்ற கோடாகும்.

மறுபுறத்தே பாட அளவுக்கோடு வந்தது. அது திறைசேரியிலிருந்து வந்தது. 1862இல் றொபேட் லோ என்பார் நடைமுறைப்படுத்திய திருத்தப்பட்ட கல்விக்கோவை, பாடசாலைக்கு அரசு வழங்கும் பணத்தைப் பரீட்சைப் பெறுபேற்றுடன் பிணைத்தது. பரீட்சிக்கப்பட்ட பிள்ளையொன்றுக்கு 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, எண் என்ற மூன்றில் எது தவறினும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு, அதாவது சரியாக மூன்றில் ஒரு பங்கு. இதன் பொருட்டு ஆறு படிகள் வகுக்கப்பட்டன. முதற் படியில் ஓரசைச் சொற்களாலான கதையை வாசித்தல், சொல்வதைக் கேட்டு எழுத்துகளை எழுதுதல், இருபது வரை எண்ணுருக்களை எழுதுதல், பத்துக்குட்பட்ட எண்களை வாயாற் கூட்டிக் கழித்தல். மூன்றாம் படியிற் சிறு வகுத்தல். இன்றைய பட்டியல்களோடு இதனை ஒப்பிடுவோருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

லோவின் முதல் வரைவு பிள்ளைகளை வயதின்படியே பிரித்துப் பரீட்சிக்கக் கருதியது. எதிர்ப்பெழவே வயது நீக்கப்பட்டு, படிகள் புகுத்தப்பட்டன. ஆயின் ஒரு சிறு விதி வயதைப் பின்வாயிலால் மீண்டும் கொணர்ந்தது: ஒருமுறை ஒரு படியிற் பரீட்சிக்கப்பட்ட பிள்ளையை மறுமுறை அதே படியிலோ தாழ்ந்த படியிலோ நிறுத்தலாகாது. ஆண்டுதோறும் ஒரு படி ஏறாத பிள்ளை பாடசாலைக்கு நட்டம் ஆயிற்று. ஓராண்டு, ஒரு வகுப்பு, ஓர் அளவு என்ற சமன்பாடு இங்கேதான் இறுகியது என்பது எமது கருத்து. குழந்தையின் உள்ளத்தை ஆராய்ந்தவர் எவரும் அதில் பங்குகொள்ளவில்லை. அது கணக்காய்வாளரின் ஆண்டு, பாதீட்டின் ஆண்டு. பாடசாலைப் பரிசோதகராகப் பணியாற்றிய இலக்கிய விமரிசகர் மத்தியூ ஆர்னல்ட் இக்கோவையை வெளிவந்த ஆண்டிலேயே வன்மையாகக் கண்டித்தார். வாசிப்பு, வாசிக்கும் சடங்காகிவிடும் என்ற அவரது அச்சம் மெய்யாயிற்று. பண்பாடு பற்றிய அவருடைய பிற கருத்துகளோடு நாம் முரண்படினும் இவ்விடத்து அவரை மறுப்பதற்கில்லை. இங்கிலாந்து 1890களில் இம்முறையைக் கைவிட்டது. படிகள் மட்டும் எஞ்சின.

இலங்கையில் 1867ஆம் ஆண்டின் மோர்கன் குழு அறிக்கையை அடுத்து 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன் முதல் அதிபதியான லோறியின் காலத்தில் உதவி நன்கொடையும் பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவும் இங்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் 1816இலிருந்து அமெரிக்க மிசனரிமாரும், 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடர்ந்து சைவரும் பாடசாலைகளை வளர்த்திருந்தனர். இவ்விடத்து நாவலரின் பாலபாடங்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. நன்கொடை முறைக்கு முன்னரே, நூற்றாண்டின் நடுப்பகுதியில், எழுத்து, சிறு சொல், சிறு வாக்கியம், பின்னர் கட்டுரை எனப் படிப்படியாக ஏறும் வசன நூல்களை அவர் ஆக்கினார். மனனத்துக்கு ஏற்ற செய்யுளிலிருந்து வாசிப்புக்கு ஏற்ற உரைநடைக்குக் குழந்தைக் கல்வியைத் திருப்பிய செயல் அது. தமிழ் உரைநடை வரலாற்றில் அதற்குரிய இடம் ஏற்கப்பட்டுள்ளது; கல்வி வரலாற்றில் இன்னும் போதிய அளவு ஏற்கப்படவில்லை. முதலாம், இரண்டாம் என்ற எண்கள் அந்நூல்களின் எண்களே. பிள்ளையின் வயதைச் சுட்டுவனவல்ல. ஆயினும் அவ்வேணியின் அடியில் நிற்பதற்கே ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு அவ்வியக்கம் இடமளிக்கவில்லை. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர்தல் வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது பாடசாலைகள் சில தீக்கிரையாயின. நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைக்கும் வாங்கில் அமர்ந்த பிள்ளைக்கும் ஒரே பாட அளவு விதிக்கப்பட்டது. அளவுகோல் இருவரையும் ஒருங்கே அளந்தது. இருக்கை அதன் கணக்கில் வரவில்லை.

மலையகத்திலே இது மேலும் வெளிப்படையாகின்றது. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத்துரை மீது சுமத்தியது. கல்வியே அற்றிருந்த இடத்தில் இது ஒரு பேறுதான். ஆனால் ஆறு முதல் பத்து என்ற வரையறையை நாம் இருமுறை வாசித்தல் வேண்டும். மேல் எல்லையாகிய பத்து எந்த உளவியல் நூலிலிருந்தும் பெறப்பட்டதன்று. கொழுந்தெடுக்கவும் புல்வெட்டவும் பயன்படத் தொடங்கும் வயது அது. பின்னாளில் 1927இன் சட்டத்தின்கீழ்க் கூலி வீதங்கள் நிர்ணயிக்கப்பட்டபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறாகப் பிள்ளைக்கும் ஒரு வீதம் வகுக்கப்பட்டமையை இதனோடு சேர்த்து நோக்குக. தொழிற்சாலைச் சட்டத்திற் பிள்ளையைக் காத்த வயதுக்கோடு, தேயிலைத் தோட்டத்தில் அதன் கல்வி முடியும் இடத்தைக் குறித்த கோடாயிற்று. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதி முதலே படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. கல்வி இலவசமாக்கப்பட்ட 1945க்கும் அதற்குமிடையே முப்பதாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு.

உளவியலாளர் இவ்வரலாற்றிற் பிந்தியே வந்தனர். பாரிசிற் பொதுப் பாடசாலைகளில் இடர்ப்படும் பிள்ளைகளை இனங்கண்டு உதவும் பொருட்டு பினே 1905இல் தம் சோதனையை ஆக்கினார். 1908இன் திருத்தத்தில் வினாக்களை வயதின்படி அடுக்கினார். பிள்ளையின் அறிவு மாறாத அளவுடையது என்று கொள்வதை அவரே எதிர்த்தார் என்பதை, அச்சோதனையை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றோர் மறந்தனர். கெசெல் வகுத்த வளர்ச்சி நியமங்கள் பெருமளவுக்கு நியூ ஹேவன் நகரின் நடுத்தர வர்க்க வெள்ளையர் குடும்பப் பிள்ளைகளை அவதானித்துப் பெறப்பட்டவை. உலகக் குழந்தையின் நியமங்களாக அவை வழங்கப்பட்டன. இந்நியமங்கள் கணக்கு முறையால் ஆவன என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று: ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கென ஐக்கிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையங்கள் வெளியிடும் பட்டியல் 2022இல் திருத்தப்பட்டது. அதுவரை அரைவாசிப் பிள்ளைகள் எய்தும் வயதையொட்டி வைக்கப்பட்ட குறிகள், அதன்பின் 75 வீதமானோர் எய்தும் வயதுக்கு மாற்றப்பட்டன. பிள்ளைகள் மாறவில்லை, கோடு மாறியது. தாமதத்தை ஐயத்துக்கிடமின்றி உணர்த்தல் என்ற நோக்கில் அம்மாற்றம் நியாயமானதே. ஆயின் கோடு வரையப்படுவது என்பதை அது மறைக்கவில்லை.

பிரேசிலின் ரெசிபே நகரிற் சந்தையில் விற்பனை செய்த பிள்ளைகள் ஐவரை ஆராய்ந்து 1985இல் வெளியான ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றது. ஒன்பது முதல் பதினைந்து வயதினரான அவர்கள், வியாபாரத்தினிடையே எழுந்த கணக்குகளில் 98 வீதமானவற்றைச் சரியாகச் செய்தனர். அதே கணக்குகள் தாளில் எண்களாகத் தரப்பட்டபோது சரியானவை 37 வீதம். இவர்களைக் கணிதத்திற் பின்தங்கியோர் என்பதா, தேர்ந்தோர் என்பதா? திண்ணைப் பள்ளியில் முந்திரியைக் கூட்டிய பிள்ளையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

இவ்விடத்திலேதான் விகொட்ஸ்கியின் சிந்தனை எமக்கு இன்றியமையாததாகின்றது. 1934இல், அவர் மறைந்த ஆண்டில் வெளியான நூலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சோதனைப்படி இரு பிள்ளைகளின் மனவயதும் எட்டு. சிறிது வழிகாட்டல் கிடைத்ததும் ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதினர்க்குரிய வினாவைத் தீர்க்கின்றது. மற்றது ஒன்பது வயதினர்க்குரியதுடன் நின்றுவிடுகின்றது. தனித்து நிற்கும் பிள்ளையை அளந்தால் இருவரும் ஒன்றே. உதவியோடு நிற்கும் பிள்ளையை அளந்தால் அவ்வாறன்று. பியாஜே வளர்ச்சியை முன்னும் கற்பித்தலை அதன் பின்னும் வைத்தார். விகொட்ஸ்கி கற்பித்தல் வளர்ச்சியை இழுத்துச் செல்லும் என்றார். அறிவு முதலில் மனிதரிடையே உளது, பின்னரே மனிதனுள் உளது என்ற இயக்கவியல் நோக்கின் பயன் இது. சோவியத் ஒன்றியத்தில் 1936ஆம் ஆண்டின் கட்சித் தீர்மானம் குழந்தையியற் சோதனைகளைத் தடைசெய்தபோது, விகொட்ஸ்கியின் எழுத்துகளும் இருபதாண்டளவு புறக்கணிப்புக்குள்ளாயின. தொழிலாளர், விவசாயிகளின் பிள்ளைகளை அச்சோதனைகள் பெருந்தொகையாகக் குறைபாடுடையோர் பள்ளிக்கு ஒதுக்கின என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. அதற்கு மாற்றை எழுதி வைத்தவரையே ஒதுக்கியமை எம்மவர் பேசத் தயங்கும் தவறாகும். அதனைப் பேசாது விடுதல் மார்க்சிய ஆய்வுக்கு அழகன்று.

எமது நாட்டுக்கு மீள்வோம். 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம் பாடசாலை அனுமதி வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் அது மீண்டும் ஐந்தாயிற்று. ஒரு தலைமுறைக்குள்ளேயே, அரிவரிக்குரிய 'இயல்பான' வயது இருமுறை இடம்பெயர்ந்தது. 1997இன் சீர்திருத்தத்தின்படி 1999இல் நாடு முழுவதும் தரம் ஒன்றிற் புகுந்த ஆரம்பக் கல்வித்திட்டம், ஐந்து ஆண்டுகளையும் மூன்று முதன்மை நிலைகளாகத் தொகுத்தது. பாடசாலைக்கு வந்த பிள்ளை எதனோடு வந்துள்ளது என்பதை ஆசிரியர் அறிவதற்கான இனங்காணல், தொடக்கத்திற் கூடுதலாகவும் போகப்போகக் குறைவாகவும் அமையும் விளையாட்டு, ஒவ்வொரு நிலைக்கும் அத்தியாவசியத் தேர்ச்சிகள் என்பன அதன் கூறுகள். உலக வங்கி முதலான நிறுவனங்களின் கடனும் ஆலோசனையும் இச்சீர்திருத்தத்தின் பின்னணியில் இருந்தமையை நாம் அறிவோம். இருப்பினும் ஓராண்டுக்கு ஓரளவு என்ற 1862இன் பிணைப்பை இரண்டாண்டு நிலைகளாகத் தளர்த்தியமை முன்னேற்றமே. எல்லாப் பிள்ளைகளும் எய்த வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சி என்ற கருத்தும் இருமுனை கொண்டது. பிள்ளை எய்தவில்லை என்றும் அதனை வாசிக்கலாம். அரசு எய்துவிக்கவில்லை என்றும் வாசிக்கலாம். இரண்டாம் வாசிப்பே எமது வாசிப்பு. ஆசிரியர் இன்றி மாதக்கணக்காக நடக்கும் தோட்டப் பாடசாலை வகுப்பொன்றில் தேர்ச்சி குறைந்தால், அக்குறை யாருடைய பெயரில் எழுதப்படுதல் வேண்டும்?

நடைமுறையில் அது பிள்ளையின் பெயரிலேயே எழுதப்படுகின்றது. 1940களில் வறிய கிராமத்துப் பிள்ளைகளை மத்திய பாடசாலைகளுக்கு எடுத்துச் செல்லத் தோன்றிய புலமைப்பரிசில் முறை, ஐந்தாந் தரப் பரீட்சையாக வளர்ந்து, இன்று ரியூற்றறிகளின் வாழ்வாதாரமாகவுள்ளது. ஏழு, எட்டு வயதிலேயே அதற்கான பயிற்சி தொடங்கிவிடுவதால், விளையாட்டையும் செயற்பாட்டையும் பற்றிய திட்டங்கள் தாளில் நிற்கின்றன. 2020 மார்ச் முதல் பாடசாலைகள் நீண்டகாலம் மூடப்பட்டமையால் 'கற்றல் இழப்பு' என்ற தொடர் புழக்கத்துக்கு வந்தது. கைத்தொலைபேசியும் இணைய வசதியும் அற்ற வீட்டுப் பிள்ளை எதனையோ கைநழுவ விட்டதுபோல அத்தொடர் ஒலிக்கின்றது. சமமற்றோர்க்குச் சம அளவுகோலைப் பிரயோகித்தல் சமமின்மைக்கான உரிமையாகவே முடியும் என 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்து மார்க்ஸ் எடுத்துக்காட்டியமை கூலி பற்றியதாயினும், வகுப்பறைக்கும் பொருந்தும்.

இத்துறையில் எம்மவர் செய்ய வேண்டிய ஆய்வு ஒன்று எஞ்சியுள்ளது. பாடசாலைகளின் சேர்விடாப்புகளிற் பிறந்த திகதி, சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, விலகியமைக்கான காரணம் என்பன வரிசையாகப் பதியப்பட்டுள்ளன. ஒரு பிள்ளை எந்த வயதில் எந்தப் படியில் உண்மையில் நின்றது, எந்தப் படியோடு வயலுக்கோ கடலுக்கோ கொழுந்து மலைக்கோ சென்றது என்பதை நியமப் பட்டியல் எதுவும் கூறாது; இவ்விடாப்புகளே கூறும். வடக்கில் 1995இன் இடப்பெயர்விலும் பின்வந்த போர்க்காலத்திலும் இவை பெருமளவு அழிந்தன. மலையகத்திற் சில பழைய தோட்டப் பாடசாலைகளின் அலுமாரிகளிற் கறையானுக்கும் ஈரத்துக்குமிடையே எஞ்சியிருப்பவற்றையேனும், எம் பல்கலைக்கழகத்து மாணவர் விடுமுறைக் காலத்திற் சென்று படியெடுத்தல் கூடும். அதற்கு நிதி அதிகம் வேண்டியதில்லை. அதிபரின் அனுமதியும் சில வாரங்களும் போதும்.